தம்பிக்கு எழுதிய பதினொரு பக்கங்கள்

1

கடந்த மாதத்தில் மட்டும் ஊரிலிருந்து எனக்கு நான்கு கடிதங்கள் வந்தன. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். கேட்பது ஒன்றுதான். "நீங்கள் ஜேர்மனியைப் பற்றித் தம்பி தவராசாவுக்கு எழுதினதை எங்களுக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பிவிடுங்கோ. எங்கடை பெடியனும் வெளிக்கிட யோசிக்கிறான்."

அந்தக் கடிதத்துக்கு ஊரில் நல்ல பெயர் இருப்பது தெரிகிறது. தவராசா புறப்படுமுன் அதைப் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். பதினொரு பக்கம், இலக்கமிட்ட முப்பத்துநான்கு குறிப்புகள். காபன் கடதாசி வைத்து எழுதியபடியால் பிரதி என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போதும் மேசையில் இடப்பக்கம் அதுதான் கிடக்கிறது.

அதை நான் யாருக்கும் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று நால்வருக்கும் தனித்தனியே எழுத என்னால் முடியவில்லை. தம்பி இந்த நாட்டில் வந்து இறங்கி இன்றோடு சரியாக ஒரு வருடம். ஆகவே எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். நான் 1964 இல் பயிற்சிக்கென்று வந்தவன். அப்போது வயது முப்பத்தொன்று. அன்றுமுதல் வுப்பர்டால் நகரத்தில், இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் படவரைஞராக வேலை செய்கிறேன். ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்கு பிழைத்தால் பாகம் பொருந்தாது. பாகம் பொருந்தாவிட்டால் மேலே வந்து என் மேசையில்தான் கேட்பார்கள். பதினைந்து வருடத்தில் மூன்று தரம் வந்து கேட்டிருக்கிறார்கள். மூன்று நாளும் நாட்குறிப்பில் இருக்கின்றன.

காலை ஆறு பத்துக்கு ரயில். இந்த நகரத்து ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடுவதில்லை, ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும். முதல் வருடம் அதைப் பற்றி அம்மாவுக்கு எழுதியபோது, குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்தாராம். மனைவி தேவி ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. ஒரே மகள் வசந்தி. தம்பி வந்த வருடம் அவளுக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜேர்மன் மொழியில் பதில் சொல்வாள். ஆரம்பத்தில் திருத்தினோம். பிறகு இருவரும் வேலையால் களைத்து வருகிற வீட்டில் எதைத்தான் திருத்துவது என்று விட்டுவிட்டோம்.

தவராசா எனக்குப் பதினொரு வயது இளையவன். ஊரில் கணித ஆசிரியர். மனைவி மலர். பிள்ளைகள் இல்லை. மாதம் ஒரு கடிதம் எழுதுவான். அதில் பாதி, பாடசாலையில் எந்தப் பெடியன் என்ன விடை எழுதினான் என்ற பகிடிக் கதைகளாக இருக்கும். போன வருடம் மாசி மாதத்துக்குப் பின் கடிதம் வரவில்லை. வைகாசியில் ஒரு வான்கடிதம் வந்தது. ஒரே ஒரு வரி. "அண்ணை, அங்கை நான் வாறதுக்கு வழி ஏதும் இருக்கோ?"

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அதை ஒளித்து என்ன பயன்? பதினான்கு வருடமாக இந்த நாட்டைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ஒருவருக்கும் தேவைப்படாமல் கிடந்தன. இப்போது ஒருவன் கேட்டிருந்தான். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்து எழுதினேன்.

3

முதலாம் இலக்கம் நாட்டின் பருமன். "எங்கள் முழுத் தீவும் இந்த மேற்கு ஜேர்மனியின் காற்பங்குக்குச் சற்றுக் கூட. வடக்கே கடல், தெற்கே மலை. நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கத்து ஆட்களையும் பிடிக்காது."

நான்காம் இலக்கம் குளிர். எத்தனை சோடி காலுறை, கம்பளிச் சட்டைக்குள்ளே என்ன அணிவது, காது எப்போது வலிக்கும். ஒன்பதாம் இலக்கம் நேரம். எட்டு மணிக்கு வரச் சொன்னால் எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவடியில் நிற்பது. ஆனால் எட்டுக்குத்தான் மணியை அழுத்துவது. பன்னிரண்டாம் இலக்கம் மாடிப்படி கழுவும் முறை. உன் கதவில் ஒரு சிறு பலகை தொங்கினால் அந்தக் கிழமை ஏழு நாளும் உன் முறை. படி சுத்தமாக இருந்தாலும் கழுவ வேண்டும். கழுவுவதை அயலார் காண வேண்டும். பதினான்காம் இலக்கம் பதிவு. வந்து ஒரு கிழமைக்குள் நகரக் கந்தோருக்குப் போய் எந்த வீட்டில் தங்குகிறாய் என்று பதிய வேண்டும். "இந்த நாட்டில் ஒவ்வொரு மனிதனும் எந்தக் கட்டிலில் படுக்கிறான் என்று ஒரு கந்தோருக்குத் தெரியும்."

பதினாறாம் இலக்கத்தை வார்த்தை மாறாமல் தருகிறேன்.

"அதிகாரிகள். இவர்களிடம் யாரையும் தெரியும் என்று சொல்லிப் பயன் இல்லை. கெஞ்சக் கூடாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஆனால் சொல்வது முழு உண்மையாக இருக்க வேண்டும். பாதி உண்மை இங்கே பொய்க்குச் சமம். சொன்னதை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். தேவைப்பட்டால் உன் நாட்டுக்கே எழுதிக் கேட்பார்கள்."

பதினேழு: "சில இளைஞர்கள் இங்கே வந்து இறங்கியதும் 'அசூல்' என்று ஒரு சொல் சொல்கிறார்கள். அடைக்கலம் என்று பொருள். சொன்னால் உள்ளே விடுகிறார்கள். அந்தச் சொல்லை நீ சொல்லக்கூடாது. நாங்கள் ஒருவரிடமும் அடைக்கலம் கேட்ட குடும்பம் அல்ல. நீ பட்டதாரி, ஆசிரியன், என் தம்பி. விருந்தாளியாக மரியாதையாக வா."

பதினெட்டு: "மூன்று மாதம் விருந்தாளியாக இருக்கலாம். அதற்குள் எங்கள் பண்டகசாலையில் ஓர் இடத்துக்கு நான் மேலாளரிடம் கதைப்பேன். இடம் கிடைத்ததும் முறைப்படி விண்ணப்பம் எழுதி, தொடர்ந்து இருக்க அனுமதி கேட்போம்."

பதினேழை எழுதிய காரணத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய மாதம் பக்கத்து மேசைக்காரர் பத்திரிகையொன்றைக் கொண்டுவந்து, ஒரு விடுதி வாசலில் நின்ற எங்கள் நாட்டுப் பெடியன்களின் படத்தைக் காட்டி, "நீங்களும் இப்படித்தான் வந்தீர்களா?" என்று கேட்டார். பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்த மனிதர். அன்று நான் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு அந்தக் கோபத்தைத் தம்பிக்கு இலக்கம் போட்டு எழுதினேன்.

கடிதத்தை உறையில் போடுமுன் தேவி முழுவதும் வாசித்தாள். "எல்லாம் இருக்குது. வழியிலை தொலைச்சிடாமல் கையிலை வைச்சிருக்கச் சொல்லுங்கோ" என்றாள். முப்பத்துநான்காம் இலக்கமாக அதையும் எழுதினேன்.

வசந்திக்கு நான் சில பகுதிகளை ஜேர்மன் மொழியில் சொல்லிக் காட்டினேன். மாடிப்படிப் பகுதிக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "சித்தப்பா ஏன் வருகிறார்?"

"இஞ்சை நல்லா இருக்கலாம் எண்டுதான்."

"அவர் அப்படி எழுதினாரா?"

"போய்ப் படி" என்றேன்.

4

விமானம் காலை பதினொன்று நாற்பதுக்கு இறங்கியது. எங்கள் நகரத்திலிருந்து அந்த விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியால ரயில். பாடசாலை விடுமுறை ஆனபடியால் வசந்தியும் வந்தாள். தேவிக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் றால் குழம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஒரு மணிவரை அந்த விமானத்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பிறகு வரவில்லை. ஒன்றரைக்கு ஒரு கதவு திறந்து, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் இளைஞர் வந்தார். கையில் கடதாசிக் கட்டு. கூட்டத்தைப் பார்த்து நேராக என்னிடம் வந்தார்.

"சார், தவராசாவோட அண்ணன் நீங்கதானே?"

"ஓம். அவர் எங்கை?"

"உள்ள இருக்காரு சார். நல்லா இருக்காரு. என் பேரு ஜமால். ஆம்பூர். இங்க யுனிவர்சிட்டில லெதர் கெமிஸ்ட்ரி ரிசர்ச் பண்றேன். தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும்னா போலீஸ்ல என்னைக் கூப்பிடுவாங்க, மொழிபெயர்க்க." கொஞ்சம் நிறுத்தினார். "சார், உங்க லெட்டரை நான்தான் ட்ரான்ஸ்லேட் பண்ணேன்."

"எந்தக் கடிதம்?"

"பதினோரு பக்கம் சார்."

எல்லைக் காவல் மேசையில் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள்: எதற்கு வந்தாய்? அண்ணனைப் பார்க்க. எத்தனை நாள்? மூன்று மாதம். கையில் காசு இவ்வளவுதானா? அண்ணன் பார்த்துக்கொள்வார். அண்ணன் யார்? அந்த இடத்தில் தம்பி உட்சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் அதிகாரியிடம் கொடுத்திருக்கிறான்.

இதை வாசிக்கும் ஊர்க்காரருக்கு அவன் ஏன் கொடுத்தான் என்று விளக்கத் தேவையில்லை. அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மதிப்பான ஒருவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுபோகிறவர்கள் நாங்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் வாசிப்பதில்லை. யார் எழுதினார் என்றுதான் பார்ப்பார்கள். பதினான்கு வருடம் இந்த நாட்டில் இருந்த அண்ணனின் கடிதம். அதைவிடப் பெரிய பிணை எது என்று அவன் நினைத்தான். யாரையும் தெரியும் என்று சொல்லிப் பயன் இல்லை என்று பதினாறில் எழுதியிருந்தேன். ஆனால் தம்பி ஒருவரையும் தெரியும் என்று சொல்லவில்லை. தன் அண்ணனைக் காட்டினான்.

இங்கே கடிதத்தை வாசிப்பார்கள். தமிழில் இருந்தால் ஆள் பிடித்து வாசிப்பார்கள்.

"பதினெட்டாவது பாயிண்ட் சார்" என்றார் ஜமால். "வேலை, விண்ணப்பம், எல்லாம் இருக்கு. விருந்தாளி இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த இடத்தை விட்டுடலாமான்னு பாத்தேன். ஆனா ஒரு வார்த்தை விடக்கூடாது சார், சைன் பண்ணிக் குடுத்திருக்கேன். பக்கத்துல இன்னொருத்தர் பாராவை எண்ணிட்டே இருந்தாரு."

எனக்கு அந்த நேரத்தில் வந்த கேள்வி என்ன தெரியுமா? "பதினெட்டிலை 'முறைப்படி' எண்ட சொல்லை விடாமல் போட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"போட்டேன் சார்" என்றார் அந்தப் பிள்ளை. அவருடைய கண் கலங்கியிருந்தது.

5

அதிகாரி மரியாதையான மனிதர். என்னை இருத்தி, தட்டச்சில் அடித்த என் கடிதத்தை முன்னால் வைத்தார். "இது மிக ஒழுங்கான கடிதம். எங்கள் சொந்த அறிவித்தல்களில்கூட இவ்வளவு தெளிவு இல்லை" என்றார். கேலி செய்யவில்லை. அதற்குப் பிறகு, தம்பியை விருந்தாளியாக உள்ளே விட முடியாது என்றும், அடுத்த நாட்காலை ஆறு நாற்பது விமானத்தில் வந்த வழியே திருப்பி அனுப்புவதாகவும் சொன்னார்.

நான் பேசினேன். என் வேலை, என் வரி, என் பதினான்கு வருடம். கோபம் வரும்போது என் ஜேர்மன் உடைந்துவிடும். வினைச்சொல் வசனத்தின் முடிவுக்கு வருமுன் நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. வசந்தி என் கையைப் பிடித்துவிட்டு, தானே பேசத் தொடங்கினாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளையின் பேச்சு. அதன்பிறகு அவர் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். நான் அவளுடைய தகப்பன் என்று கூட்டிவந்த ஆள்போல இருந்தேன்.

கடைசியாக அவர் பேனையை வைத்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவளிடம் சொன்னார்: "உன் சித்தப்பாவிடம் எல்லாம் கேட்டாயிற்று. அவர் வேறு ஏதாவது தெரிவிக்க விரும்பினால் அதை நான் எழுதியே ஆக வேண்டும். எழுதினால் அவரை அனுப்ப முடியாது. ஆனால் அதை நான் சொல்லிக் கொடுக்கக் கூடாது."

நான் விளங்காமல் இருந்தேன். வசந்திதான் என் காதில் சொன்னாள், ஜேர்மன் மொழியில்: "அப்பா, அசூல். அதைத்தான் சொல்கிறார். சித்தப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்."

பத்து நிமிடம் தந்தார்கள். எனக்கு மட்டும். மொழிபெயர்ப்பாளர் கூட இருக்க வேண்டும். வசந்தி கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

6

ஜன்னல் இல்லாத அறை. தம்பி எழுந்து நின்றான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். மெலிந்திருந்தான். நான் நான்காம் இலக்கத்தில் எழுதியபடியே உடுத்தியிருந்தான். அந்தச் சூடான அறையில் இரண்டு சோடி காலுறையும் கம்பளிச் சட்டையுமாக வியர்த்துக்கொண்டிருந்தான்.

"படியெல்லாம் ஆர் கழுவுறது அண்ணை, இந்தக் கிழமை?" என்று சிரித்தான். "பன்னிரண்டை வாசிச்சிட்டு மலர் சொன்னவள், 'எங்கடை கிணத்தடியை ஒருநாள் கழுவத் தெரியாத மனிசன் ஜேர்மன்காரன்ரை படியைக் கழுவப் போறார்' எண்டு."

"தவம், நேரமில்லை. கேள். அந்த அதிகாரி வந்து கேக்கேக்கை அசூல் எண்டு சொல்லு. ஒரு சொல்லு. விடுவாங்கள்."

அவன் சிரிப்பு நின்றது. "பதினேழாம் இலக்கம்" என்றான்.

"அதை விடு."

"பாடமாக்கினனான் அண்ணை."

"நான் பிழையா எழுதிப்போட்டன். அதை விடு. உனக்கு அங்கை ஏதும் நடந்ததோ?"

அவன் ஜமாலைப் பார்த்தான். ஜமால் எழுந்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். "ஆபீசர் கேக்கற கேள்வி, அதுக்குப் பதில், அதுதான் சார் என் வேலை. அண்ணன் தம்பி பேச்சு என் காதுல விழாது" என்று சொல்லி முதுகைக் காட்டி இருந்தார்.

தம்பி குனிந்து சொன்னான். மாசி மாதம் இரண்டு பெடியன்கள் அவன் வீட்டில் இரண்டு இரவு தங்கினார்கள். அவனிடம் படித்தவர்கள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, மலர் சோறு போட்டாள். அவர்கள் போய் நான்காம் நாள் பொலிஸ்காரர் சிலர் வந்து இவனை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். ஒன்பது நாள். அந்த இரண்டு பெயரையும் கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. என்ன செய்தார்கள் என்று என்னிடமும் சொல்லவில்லை. வலது கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தான். பிறகு கவனித்தேன், மூன்று விரல்கள் மடங்கவில்லை.

"இதைச் சொல்லு அவரிட்டை. இதுதான் வேணும்."

"சொன்னா ஆர் அந்தப் பெடியள் எண்டு கேப்பார்தானே?"

"பேர் சொல்லாதை. மிச்சத்தைச் சொல்லு."

"பாதி சொன்னா பொய்க்குச் சமம் எண்டு எழுதினனீங்கள். முழுக்கச் சொன்னா எங்கடை நாட்டுக்கு எழுதிச் சரிபார்ப்பினம் எண்டும் எழுதினனீங்கள். அந்தப் பேர் அங்கை போனால் அதுகள் ரண்டும் முடிஞ்சுது அண்ணை. ஒருத்தனுக்குப் பத்தொன்பது வயது."

"அது சேர்ட்டிபிக்கேற்றுக்கு எழுதினது, தவம்! படிப்புச் சான்றிதழைத்தான் எழுதிக் கேப்பாங்கள். இதையில்லை!"

"நீங்கள் அப்பிடிப் பிரிச்சு எழுதேல்லையே" என்றான். குற்றம் சொல்லவில்லை. கணக்கில் ஒரு படி விடுபட்டதைக் காட்டும் வாத்தியாரின் குரலில் சொன்னான்.

"இப்ப சொல்லுறன். என்னை நம்பு."

"நம்பாமலோ பாடமாக்கினனான்?" என்றான். "நீங்கள் இப்ப என்னிலை உள்ள பாசத்திலை சொல்லுறியள். அது எழுதேக்கை ஆறுதலா இருந்து, யோசிச்சு எழுதினது."

 அவன் கண்ணாடிப் பக்கம் பார்த்தான். "அது வசந்தியோ? இவ்வளவுக்கு வளந்திட்டாள். தமிழ் கதைப்பாளோ?"

"கதைப்பாள்" என்றேன். "நல்லாக் கதைப்பாள்."

கதவு திறந்தது. அதிகாரி ஒரு தாளோடு வந்து, நின்றபடியே கேட்டார். முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி: இதுவரை சொன்னவற்றோடு வேறு ஏதும் தெரிவிக்க விரும்புகிறீர்களா?

ஜமால் தமிழில் கேட்டார். ஆனால் அவர் கேட்டது அதிகாரி கேட்டதைவிட நீளமாக இருந்தது. "நல்லா யோசிங்க அண்ணே. அவசரமில்ல. திரும்பிப் போனா உங்களுக்கு ஆபத்து இருக்கா? ஒரு வார்த்தை போதும். ஆமான்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்."

நான் ஜேர்மன் மொழியில் கத்தினேன்: "அவர் அடைக்கலம் கேட்கிறார்! எழுதுங்கள்!" அதிகாரி என்னைப் பார்க்காமலே, "அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்" என்றார். பேனை அவருடைய கையில் இருந்தது. அவரும் காத்திருந்தார். அந்த மனிதருக்கும் எழுத விருப்பம் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

தம்பி எழுந்து நின்று, மடங்காத கையைக் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணையைப் பாக்க வந்தனான். பாத்திட்டன். வேறை ஒண்டும் இல்லை."

 அதிகாரி ஜமாலைப் பார்த்தார். பிறகு அவர் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

7

மறுநாட்காலை ஆறு நாற்பதுக்கு விமானம் போனது. வெளியில் மண்டபத்தில் இருந்தோம். பார்க்க விடவில்லை.

கொழும்பில் இறங்கிய இடத்திலேயே இருவர் அவனை வரிசையிலிருந்து விலக்கிக் கூட்டிப்போனதாக மலர் எழுதினாள். நாற்பது நாள் தகவல் இல்லை. பிறகு எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மாதம் ஒருமுறை போகிறாள். இடையில் இரட்டைக் கம்பிவலை. முதல்முறை போனபோது, "அண்ணைக்கு எழுது, நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு" என்றானாம். எனக்கு நிம்மதி தரவென்று அதை எழுதியிருக்கிறாள்.

வீட்டில் நாங்கள் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. தேவி அந்த நாளைக்குப் பிறகு றால் வாங்கவில்லை. வசந்தி பாடசாலையால் வந்ததும் தன் அறைக்குப் போய்விடுவாள். ஒருநாள் மட்டும் கேட்டாள், "நான் சொன்னதை நீங்கள் அவருக்குச் சரியாகச் சொன்னீர்களா?" என்று. சொன்னேன் என்றேன். "அப்படியானால் அவர் ஏன் சொல்லவில்லை?" அவளுக்கு விளங்கும்படி அதைச் சொல்ல என் ஜேர்மன் போதாது, அவளுடைய தமிழும் போதாது. அந்த உரையாடல் அப்படியே நிற்கிறது.

நான் ஆறு பத்து ரயிலில் போகிறேன். பாகங்களை வரைகிறேன். அவை பொருந்துகின்றன. மாலையில் காபன் பிரதியை எடுத்துப் பார்க்கிறேன். தகவற்பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினாறில், நாட்டுக்கு எழுதிக் கேட்பார்கள் என்ற அந்த ஓர் இடம் தவிர மற்றெல்லாம் சரி. ஆனால் கடந்த மார்கழியில் ஒன்று கண்ணில் பட்டது. பதினொரு பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி இல்லை. அவன் ஒரே வரியில் கேட்டிருந்தான், அதிலாவது ஒரு கேள்வி இருந்தது. நான் முப்பத்துநான்கு இலக்கம் எழுதி, உனக்கு என்ன, ஏன் வரப்போகிறாய் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

எனக்கு எழுதிய நால்வரிடமும் நான் கேட்பது இதுதான்: உங்கள் பெடியனுக்கு என்ன நடந்தது? அதை எனக்கு எழுதுங்கள். கடிதம் உடைத்து வாசிக்கப்படும் என்றால் ஆளிடம் சொல்லி அனுப்புங்கள். அதை அறியாமல் இந்த நாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்குக் கை வராது.

8

போன கிழமை லீவு எடுத்துக்கொண்டு, எங்கள் நகரத்தில் வெளிநாட்டவர் கந்தோருக்குப் போனேன். தம்பிக்காக இங்கிருந்து நான் அடைக்கலம் கேட்கலாமா என்று கேட்கப் போனேன். நாற்பது வயதளவில் ஒரு பெண். என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். என் கடதாசிகள் ஒருநாளும் குறைவாக இருந்ததில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் விடயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, முடியாது என்றார். "சட்டம் அப்படி. இந்த மண்ணில் நிற்பவர்தான் கேட்கலாம். சிறையிலிருந்து கேட்க முடியாது. அவருக்காக நீங்களும் கேட்க முடியாது."

"அவர் இந்த மண்ணில் நின்றார்" என்றேன். "பத்தொன்பது மணித்தியாலம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போது கேட்டாரா?"

"இல்லை."

ஒரு தாளை எடுத்தார். விண்ணப்பம் அல்ல, வந்தவர் என்ன கேட்டார், ஏன் ஏற்கவில்லை என்று எழுதிக் கந்தோர்க் கோவையில் வைக்கும் தாள். தம்பியின் பெயரைக் கேட்டு எழுதினார். பிறந்த திகதி எழுதினார். பிறகு, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், அந்தத் தாளில் கேட்டிருந்ததையே கேட்டார். "ஏன் கேட்கவில்லை?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டார் என்று. மொழி தெரியவில்லை என்று. அவர் அதையும் எழுதியிருப்பார், ஒருவரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

"கேட்கக் கூடாது என்று அவருடைய அண்ணன் எழுதியிருந்தார்" என்றேன்.

"அண்ணன் யார்?"

"நான்."

 அவர் அதை எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி, கையொப்பமிடும் இடத்தைப் பேனை நுனியால் காட்டினார். நான் முழுவதும் வாசித்தேன். தம்பியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக இருந்தது. அதைத் திருத்தினேன். கையொப்பமிட்டேன்.